மாடித் தோட்டத்தில் நெட்டைத் தக்காளிக்கு முட்டுக்கொடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரோ பேக் (செடி வளர்க்கும் பை), சிமெண்ட் தொட்டி, அறுத்த டிரம் என எதில் வளர்த்தாலும், உயரமாகப் போகும் தக்காளிக்கு முட்டு இல்லாமல் சரியான காய்ப்பு கிடைக்காது. குச்சி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். அந்தக் குச்சியின் அடி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறது என்பதுதான் மாடியில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே வருகின்றன.

எல்லாத் தக்காளிக்கும் உயரமான முட்டு வேண்டுமா?

வேண்டாம். தக்காளியில் இரண்டு போக்கு உண்டு. குட்டை ரகத்தில் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் பூங்கொத்து வந்து வளர்ச்சி நின்றுவிடும். புதராகப் படர்ந்து, மொத்தமாகக் காய்த்து, ஓயும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 இந்தப் போக்கில் வளர்வது. இதற்கு மூன்றடிக் குச்சியோ சிறு கூண்டோ போதும்.

நெட்டை ரகத்தில் நுனி ஓயாது. செடி உயிரோடு இருக்கும்வரை மேலே போய்க்கொண்டே இருக்கும். ஆறடி, எட்டடி சாதாரணம். பூசா ரூபி, செர்ரித் தக்காளி வகைகளில் பெரும்பாலானவை, வெளிநாட்டு மரபு ரக (ஏர்லூம்) விதைகள் பல இந்தக் கூட்டம். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். நாலரை அடி முட்டாவது அதற்கு வேண்டும்.

விதை எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் செடியைப் பார்த்தே சொல்லலாம். முதல் இரண்டு பூங்கொத்துகளுக்கு இடையில் எத்தனை இலை என்று எண்ணுங்கள். மூன்று இலைக்கு ஒரு கொத்து என்று சீராகப் போனால் நெட்டை. ஒன்று அல்லது இரண்டு இலைக்கே அடுத்த கொத்து வந்து, நுனியும் பூவில் முடிந்தால் குட்டை. ஆனால் இது தெரியும்வரை காத்திருந்தால் முட்டு வைக்கும் காலம் கடந்துவிடும். சந்தேகம் இருந்தால் நெட்டை என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

தோட்டத்தில் ஊன்றும் அதே குச்சியைப் பையில் ஊன்றினால் ஏன் சாய்கிறது?

இரண்டு காரணம். தரையில் ஒன்றரை, இரண்டடி ஆழம் இறுகிய மண்ணில் குச்சியை அடிக்கிறோம். பையில் கிடைப்பது அதிகபட்சம் ஒன்றே கால் அடி. அதுவும் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த பொலபொலப்பான கலவை. காற்றில் குச்சி முன்னும் பின்னும் ஆடும்போது அதைச் சுற்றிப் புனல் வடிவில் பள்ளம் விழுகிறது. ஊற்றும் தண்ணீர் அந்தப் பள்ளம் வழியாகவே கீழே ஓடிவிடுவதால் வேர் பாதி காய்ந்து கிடக்கும்.

இரண்டாவது காரணம் பையே சாய்வது. ஒரு தோராயக் கணக்கு போடலாம். ஐந்தடி உயரம், ஒன்றரை அடி அகலத்துக்கு இலை அடர்ந்த செடியின் மேல் மணிக்கு 40 கி.மீ. காற்று அடித்தால் ஏறக்குறைய 4 கிலோ அளவு தள்ளுவிசை விழும். அது தளத்திலிருந்து மூன்றரை அடி உயரத்தில் தள்ளுகிறது. 30 கிலோ எடையுள்ள 15 அங்குலப் பை இதை மயிரிழையில் தாங்கும். 15 கிலோ எடையுள்ள 12 அங்குலப் பை கவிழும். காற்று 60 கி.மீ. ஆனால் விசை ஒன்றரை மடங்கு ஆவதில்லை. இரண்டேகால் மடங்கு ஆகும். அப்போது தனித்து நிற்கும் எந்தக் குரோ பேக்கும் தாங்காது. கைப்பிடிச்சுவர் மூன்றடிதான் என்பதால் அதற்கு மேலே உள்ள செடிப் பகுதிக்கு மறைப்பே கிடையாது.

ஆகவே முட்டுக்குச்சியைப் பையோடு மட்டும் கட்டி நிம்மதியடைய முடியாது. பைக்கு வெளியே உள்ள ஏதோ ஒன்றோடு, அது சுவரோ சட்டமோ பக்கத்துப் பையோ, ஒரு இடத்திலாவது பிணைக்க வேண்டும்.

நெட்டைத் தக்காளிக்குப் பை எந்த அளவு இருக்க வேண்டும்?

குறைந்தது 15 அங்குல விட்டம், 15 அங்குல உயரம். முழுக் கொள்ளளவு சுமார் 43 லிட்டர். விளிம்பில் இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் 37 லிட்டர் கலவை பிடிக்கும். 12 அங்குலப் பையில் கொள்ளளவே 22 லிட்டர்தான். பாதிக்குப் பாதி. அதில் நெட்டை ரகம் வைத்தால் மே மாதத்தில் ஒரு நாளில் இரண்டு வேளை தண்ணீர் விட்டும் மதியம் வாடும்.

கலவையில் மூன்றில் ஒரு பங்கு செம்மண் சேர்ப்பது நல்லது. எடை குறைவு என்று முழுக்க நார்க்கழிவிலேயே நிரப்புபவர்களுக்குத்தான் பை கவிழும் தொல்லை அதிகம். ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நார்க்கழிவு, ஒரு பங்கு மட்கிய தொழுஉரம் என்று கலந்தால் நனைந்த பை 40 கிலோவை ஒட்டி வரும். ஏறிப் புழங்கும் கான்கிரீட் மாடிக்கு இந்தியத் தரவிதி கணக்கில் எடுக்கும் புழக்கச் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ. எனவே பைகளை நடுத்தளத்தில் நெருக்கிக் குவிக்காமல், கீழே சுவரோ உத்திரமோ ஓடும் இடங்களின் மேல் வரிசையாக வையுங்கள். பழைய கட்டடமானால் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

என்னென்ன முட்டு வகைகள் உள்ளன? எனக்கு எது பொருந்தும்?

நடைமுறையில் நான்கு: ஒற்றைக் குச்சி, முக்காலி, கம்பிவலைக் கூண்டு, மேலிருந்து தொங்கும் கயிறு.

காற்று அடங்கிய பால்கனியில் ஒன்றிரண்டு பை என்றால் ஒற்றைக் குச்சி. திறந்த மாடியில் மூன்று பை வரை என்றால் முக்காலிதான் எங்கள் முதல் சிபாரிசு. நான்கு பைக்கு மேல் வரிசையாக வைக்க இடம் இருந்தால் சட்டம் அமைத்துக் கயிறு கட்டிவிடுங்கள். முதலில் செலவு கூடினாலும் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அதிலேயே பாகல், புடலையும் ஏற்றலாம். வாரம் ஒருமுறை பக்கக் கிளை கிள்ள நேரம் இல்லாதவர்களுக்குக் கூண்டு.

இணையக் கடைகளில் விற்கும் கூம்பு வடிவ மூன்றடிக் கூண்டு நெட்டை ரகத்துக்கு உதவாது. செடி ஒரு மாதத்தில் அதைத் தாண்டி, மேல் வளையத்தில் மடிந்து தொங்கும்.

ஒற்றைக் குச்சிக்கு எந்தப் பொருள் நல்லது?

முழு மூங்கில், அடிப்பக்கம் ஒரு அங்குலத்துக்குக் குறையாத கனத்தில், ஏழடி நீளம். இதைவிடச் சிறந்தது எளிதில் கிடைக்காது. பிளந்த மூங்கில் பட்டை முதல் மாதம் நன்றாக இருக்கும், காய் ஏறியதும் வில்லாக வளையும். பச்சை மூங்கிலை அப்படியே பயன்படுத்தினால் உள்ளே உள்ள மாவுச்சத்துக்குத் துளைக்கும் வண்டு வரும். குச்சியடியில் மஞ்சள் நிறத் தூள் கொட்டிக் கிடந்தால் அதுதான். சில வாரங்கள் தண்ணீரில் மூழ்கப் போட்டு, நிழலில் உலர்த்திய மூங்கிலில் இந்தத் தொல்லை குறைவு.

சவுக்கு கடலோர மாவட்டங்களில் எளிதாகக் கிடைக்கும். பட்டையை உரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். பட்டை இடுக்கில் எறும்பும் மாவுப்பூச்சியும் குடியேறும்.

பிவிசி குழாயைப் பொறுத்தவரை முக்கால் அங்குலக் குழாய் தனியாக நின்றால் நாலடிக்கு மேல் வளைந்துவிடும். உள்ளே 8 மி.மீ. கட்டுமானக் கம்பியைச் செருகினால் பிரச்சினை தீரும். மெல்லிய மின்கம்பிக் குழாய் வேண்டாம். இரண்டு கோடையில் வெயிலில் நொறுங்கும்.

வெறும் கட்டுமானக் கம்பியையே ஊன்றுவதானால் 10 மி.மீ. எடுங்கள். அதன் வழுவழுப்பில்லாத மேற்பரப்பில் கட்டு நழுவாது. ஆனால் சித்திரை வெயிலில் கை வைக்க முடியாத அளவு சுடும். தண்டு உரசும் இடத்தில் பழந்துணி சுற்றிவிடுங்கள். பச்சை பிளாஸ்டிக் உறை போட்ட ஆயத்தக் குச்சிகளில் 11 மி.மீ. தடிமன் தக்காளிக்குப் போதாது, 16 மி.மீ. கேட்டு வாங்குங்கள். உறை கிழிந்த இடத்தில் தண்ணீர் இறங்கி உள்குழாய் துருப்பிடிக்கும் என்பதால் இரு முனை மூடிகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குச்சியைப் பையில் அசையாமல் நிறுத்துவது எப்படி?

பை காலியாக இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. ஒரு அடி நீள ரீப்பர்க் கட்டை இரண்டைக் கூட்டல் குறி போல ஆணியடித்து, நடுவில் குச்சியின் அடியைத் திருகாணியாலோ கட்டுக்கம்பியாலோ பிணையுங்கள். பையின் அடியில் வடிகால் துளை அடைபடாமல் இருக்க இரண்டு அங்குலத்துக்குத் தேங்காய் மட்டைத் துண்டு பரப்பி, அதன் மேல் இந்தக் கட்டையை வையுங்கள். பிறகு கலவையை நான்கு அங்குலம் நான்கு அங்குலமாகக் கொட்டிக் கையால் அழுத்தி நிரப்புங்கள். மொத்த மண்ணும் கட்டையின் மேல் உட்கார்ந்துவிடும். குச்சியைப் பிடுங்க வேண்டுமானால் மண்ணையே தூக்க வேண்டும்.

செடி ஏற்கெனவே வளர்ந்துவிட்டதா? உள்ளே குத்த வேண்டாம். பைக்கு வெளியே எதிரெதிராக இரண்டு குச்சி நிறுத்தி, விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே ஒரு சுற்றும், தளத்துக்கு மூன்று அங்குலம் மேலே ஒரு சுற்றுமாகப் பையைச் சேர்த்து நைலான் கயிற்றால் இறுக்குங்கள். மேலே ஒவ்வொரு அடிக்கும் ஒரு குறுக்குக் குச்சி கட்டினால் ஏணி போன்ற முட்டு கிடைக்கும். பிளாஸ்டிக் டிரம்மாக இருந்தால் இன்னும் எளிது: விளிம்பருகே இரண்டு துளை, ஒரு அடி கீழே இரண்டு துளை போட்டு, குச்சியை 14 கேஜ் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியால் டிரம்மின் சுவரோடு சேர்த்து முறுக்குங்கள்.

எந்த முறையானாலும், குச்சியின் மேல்நுனியிலிருந்து கைப்பிடிச்சுவரில் உள்ள ஏதாவது வளையத்துக்கோ பக்கத்துப் பையின் குச்சிக்கோ ஒரு கயிறு போக வேண்டும்.

முக்காலி முட்டு எப்படி அமைப்பது?

ஒரு பைக்கு ஏழடி மூங்கில் மூன்று, 4 மி.மீ. நைலான் கயிறு பத்து மீட்டர்.

மூன்று மூங்கிலையும் தரையில் சேர்த்துப் படுக்க வைத்து, நுனியிலிருந்து ஒன்பது அங்குலம் தள்ளி எட்டு வடிவில் நான்கு சுற்று சுற்றிக் கட்டுங்கள். இறுகக் கட்டிவிட்டால் கால் விரியாது. கொஞ்சம் இளக்கமாகவே இருக்கட்டும். நிமிர்த்தி, பையை நடுவில் விட்டு, கால்களைப் பைக்கு வெளியே ஒன்றுக்கொன்று இரண்டரை அடி இடைவெளியில் விரியுங்கள். சிமெண்டுத் தளத்தில் கால் வழுக்கும் என்பதுதான் இதன் ஒரே பலவீனம். அதற்குத் தளத்திலிருந்து மூன்று அங்குல உயரத்தில் மூன்று கால்களையும் சுற்றி முக்கோணமாக ஒரு கயிறு இழுத்துக் கட்டுங்கள். பிறகு ஒவ்வொரு காலையும் பையின் விளிம்புப் பகுதியோடு பிணையுங்கள். பையின் கைப்பிடியில் மட்டும் கட்டாதீர்கள். வெயிலில் முதலில் இற்றுப்போவது அந்தக் கைப்பிடியின் தையல்தான்.

மேலே ஒன்றரை அடிக்கு ஒரு சுற்றுக் கயிறு கட்டினால் கிளைகள் அதற்குள் அடங்கும். ஒரு காலில் முக்கியத் தண்டு, இன்னொரு காலில் முதல் பூங்கொத்துக்குக் கீழே வரும் பலமான பக்கக் கிளை என்று ஏற்றினால் இரண்டு தண்டும் ஒன்றையொன்று மறைக்காது. பைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், முக்காலிகளின் உச்சிகளை ஒரு நீள மூங்கிலால் இணைத்துவிடுங்கள். அதன்பின் ஒன்று மட்டும் தனியாகச் சாய வழியில்லை.

கம்பிவலைக் கூண்டுக்கு என்ன அளவு?

15 அங்குலப் பைக்கு 18 அங்குல விட்டமுள்ள கூண்டு வேண்டும். அதற்கு வலையின் நீளம் 57 அங்குலம். ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதற்கு மூன்று அங்குலம் சேர்த்து ஐந்தடி வெட்டச் சொல்லுங்கள். ஐந்தடி அகல வெல்டு மெஷ் கிடைத்தால் அதுவே கூண்டின் உயரம். கம்பி 12 கேஜுக்கு மெலியக் கூடாது.

வலைக்கண்ணின் அளவில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். கடையில் எளிதில் கிடைக்கும் இரண்டு அங்குலக் கண்ணில் பழுத்த தக்காளியோடு கை வெளியே வராது. நான்கு அங்குலக் கண் கிடைக்காவிட்டால், இரண்டு அங்குல வலையில் ஒன்றரை அடிக்கு ஓரிடம் ஆறு அங்குலச் சதுரமாக வெட்டி, கூர்முனைகளைப் பின்பக்கம் மடக்கிவிடுங்கள். கோழிவலை வேண்டவே வேண்டாம். அதற்குத் தானாக நிற்கும் பலமும் இல்லை, கிளை சிக்கிக்கொண்டால் எடுக்கவும் முடியாது.

கூண்டு பையின் வெளியே தளத்தில் நிற்க வேண்டும், மண்ணுக்குள் அல்ல. இரு பக்கமும் பையோடு கட்டி, ஒரு பக்கம் சுவரோடு கட்டுங்கள்.

மேலிருந்து கயிறு கட்டும் முறைக்குச் சட்டம் எப்படி இருக்க வேண்டும்?

ஐந்து பைகள், மையத்துக்கு மையம் இரண்டடி, ஆகப் பத்தடி வரிசை என்று வைத்துக்கொள்வோம். காய் ஏறிய செடி ஐந்தாறு கிலோ. ஐந்துக்குச் சேர்த்து 30 கிலோ மேலிருந்து தொங்கும்.

இங்கே எல்லோரும் செய்வது, இரண்டு கம்பத்துக்கு இடையே ஜிஐ கம்பி இழுத்துக் கட்டுவது. கம்பி நடுவில் நான்கு அங்குலம் மட்டும் தொய்ந்திருக்க வேண்டும் என்று நினைத்தால், அந்த 30 கிலோ சுமைக்காகக் கம்பி இரு கம்பங்களையும் 100 கிலோவுக்கு மேல் உள்நோக்கி இழுக்கும். பக்கெட்டில் நட்ட கம்பம் இதற்கு நிற்காது. எனவே மேலே கம்பி வேண்டாம், குழாய் போடுங்கள். ஒரு அங்குல ஜிஐ குழாய் பத்தடிக்கு இந்தச் சுமையில் இரண்டு சென்டிமீட்டர் கூட வளையாது, கம்பத்தையும் இழுக்காது.

இரு முனையிலும் ஒற்றைக் கம்பத்துக்குப் பதிலாக, கவிழ்த்த ‘வி’ வடிவில் இரண்டு கால். கால் ஒவ்வொன்றும் ஏழரை அடி, அடியில் நான்கடி விரிவு, இரு அடியையும் இணைத்துத் தளத்தோடு ஒட்டி ஒரு குறுக்குக் குழாய். அந்தக் குறுக்குக் குழாயின் இரு முனையிலும் மணல் நிரப்பிய சாக்கு ஒன்று, 25 கிலோ, ஏற்றி வையுங்கள். கைப்பிடிச்சுவர் அருகில் இருந்தால் அதோடும் பிணையுங்கள். வெல்டிங் செய்யாமல் போல்ட், கிளாம்ப் போட்டால் வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம்.

ஒவ்வொரு செடிக்கும் 3 மி.மீ. பிளாஸ்டிக் கயிறு. சணல் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒரு மழைக்காலத்தில் இற்றுப்போய்க் காயோடு செடி கீழே விழும். கயிற்றின் கீழ்முனையைத் தண்டின் அடியில், முதல் இலைக்குக் கீழே, இறுகாத சுருக்காகக் கட்டுங்கள். சுருக்குக்குள் கட்டைவிரல் போய்வர வேண்டும். மேலே கட்டும்போது மூன்றடி உபரிக் கயிற்றைச் சுற்றி வையுங்கள். வாரம் ஒருமுறை நுனியைக் கயிற்றைச் சுற்றி, எப்போதும் ஒரே திசையில், திருப்பிவிட்டால் போதும். கயிறு பூங்கொத்துக்குக் கீழே போகாமல் இலைக்காம்புக்குக் கீழே போகும்படி பாருங்கள்.

சட்டத்தை எந்தத் திசையில் நிறுத்துவது?

வெயிலுக்கு வடக்கு தெற்காக வரிசை ஓடுவது நல்லது. இரு பக்கமும் சூரியன் படும். ஆனால் கோவை, திருப்பூர், தேனி, தென்காசி போன்ற கணவாய்க் காற்று வீசும் ஊர்களில் ஆடி மாதக் காற்று மேற்கிலிருந்து வரிசையின் அகலப் பக்கத்தில் நேராக மோதும். அங்கே கிழக்கு மேற்காக நிறுத்துங்கள். கொஞ்சம் வெயில் குறைந்தாலும் சட்டம் நிற்கும்.

முட்டு எப்போது வைக்க வேண்டும்? செடியின் எந்தப் பக்கம்?

நாற்று நடும் அன்றே. தவறினால் பத்து நாளுக்குள். அதன்பின் பையில் வேர் எல்லாப் பக்கமும் ஓடிவிடும். ஒரு குச்சி குத்தினாலும் வேர் அறுபடும், அந்தக் காயம் வழியே வாடல் நோய்க் கிருமி உள்ளே போகலாம். தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி, காற்று வரும் பக்கம் ஊன்றுங்கள். செடி குச்சியை விட்டு விலகி அசையும், உரசிப் புண்ணாகாது. ஆடிப்பட்டத்தில் நட்டால் தென்மேற்குப் பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் வளரும் செடிக்கு வடகிழக்குப் பக்கம்.

எதால் கட்டுவது? எவ்வளவு இறுக்கமாக?

பழைய பருத்தி வேட்டியையோ புடவையையோ ஒரு அங்குல அகலத்தில் கிழித்த நாடாவுக்கு இணையில்லை. நனைத்த வாழை நார் இளஞ்செடிக்கு நல்லது. காய்ந்தால் அறுந்துவிடும் என்பதால் காய் ஏறிய தண்டுக்கு வேண்டாம். கட்டுக்கம்பி, மீன்பிடி நரம்பு, மெல்லிய நைலான் மூன்றும் தண்டை அறுக்கும்.

முதலில் நாடாவைக் குச்சியில் இறுக்கி ஒரு முடிச்சு. பிறகு நாடாவை ஒருமுறை முறுக்கி எட்டு வடிவமாக்கி, தண்டைத் தளர்வாகச் சுற்றிக் கொண்டுவந்து குச்சியில் மறு முடிச்சு. குச்சியில் இறுக்கம், தண்டில் தளர்ச்சி. தலைகீழாகக் கட்டினால் நாடா காய்ச் சுமையில் வழுக்கி இறங்கும், தண்டும் நெரிபடும். கட்டு இலைக்காம்புக்குச் சற்றுக் கீழே அமைந்தால் காம்பு அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். ஒரு சாணுக்கு ஒரு கட்டு. கட்டிய இடத்துக்கு மேலே தண்டு புடைத்து, கீழே மெலிந்து தெரிந்தால் இறுகிவிட்டது என்று அர்த்தம். உடனே அவிழ்த்துக் கட்டுங்கள்.

பக்கக் கிளைகளைக் கிள்ள வேண்டுமா?

முட்டின் வகையைப் பொறுத்தது. ஒற்றைக் குச்சிக்கு ஒன்று அல்லது இரண்டு தண்டு, கயிற்றுக்கு ஒரு தண்டு, முக்காலிக்கு இரண்டு அல்லது மூன்று, கூண்டுக்கு நான்கைந்து. மீதியை மூன்று அங்குலம் ஆவதற்குள், ஈரம் இல்லாத காலை நேரத்தில் விரலால் ஒடித்துவிடுங்கள். கத்தரிக்கோல் தேவையில்லை. புகையிலை பயன்படுத்துபவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே செடியைத் தொட வேண்டும். தேமல் வைரஸ் அந்த வழியாகவும் பரவும்.

நம் வெயிலுக்கு இலைகளை மொட்டையடிக்க வேண்டாம். நிழல் போன காயின் வெயில் பக்கம் வெளுத்துக் காகிதம் போலாகும். மண்ணிலிருந்து ஒரு அடி வரை உள்ள இலைகளை மட்டும் எடுங்கள், தண்ணீர் தெறித்து இலைக்கருகல் ஏறாமல் இருக்க. குட்டை ரகத்தில் கிளை கிள்ளவே கூடாது. கிள்ளினால் காய்தான் குறையும்.

செடி முட்டின் உயரத்தைத் தாண்டிவிட்டால்?

குச்சி, முக்காலி, கூண்டில் என்றால் கடைசிப் பூங்கொத்துக்கு மேலே இரண்டு இலை விட்டு நுனியைக் கிள்ளிவிடுங்கள். இருக்கிற காய் பெருக்கும்.

கயிற்றில் என்றால் செடியை இறக்கலாம். பறித்து முடித்த கொத்துகள்வரை கீழ் இலைகளை எடுத்துவிட்டு, மேலே உள்ள உபரிக் கயிற்றிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு அடி மட்டும் விடுங்கள். இலையில்லாத அடித்தண்டைப் பையின் விளிம்பைச் சுற்றி வளைத்துப் படுக்க வையுங்கள். காலையில் தண்டு நீரேறி விறைப்பாக இருக்கும், படக்கென்று ஒடியும். மாலை நாலு மணிக்கு மேல், செடி சற்றுத் துவண்டிருக்கும்போது செய்யுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது?

சென்னை, கடலூர், நாகை மாடிகளில் இது ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வரக்கூடிய கவலை. எந்த முட்டும் புயலுக்காகச் செய்யப்பட்டதல்ல. நிறம் மாறத் தொடங்கிய காய்களை எல்லாம் பறித்துவிடுங்கள், வீட்டுக்குள் பழுக்கும். நிழல்வலை கட்டியிருந்தால் முதலில் அதை அவிழ்க்க வேண்டும். காற்றை ஏந்திச் சட்டத்தையே தூக்குவது அதுதான். கயிற்றுச் செடிகளை முடிந்தவரை இறக்கி விடுங்கள். தனிப் பைகளைக் காற்று வரும் பக்கச் சுவரை ஒட்டி, ஒன்றோடொன்று நெருக்கி, மொத்தத்தையும் சுற்றி ஒரு கயிறு கட்டுங்கள். தாங்காது என்று தோன்றும் உயரச் செடியை முட்டோடு சேர்த்துப் பையையே மெதுவாகப் படுக்க வைத்துவிடலாம். இரண்டு நாள் படுத்துக் கிடந்தால் செத்துவிடாது.

தண்டு மடங்கிவிட்டது. காப்பாற்ற முடியுமா?

தோல் ஒரு பக்கமாவது ஒட்டியிருந்தால் முடியும். நிமிர்த்தி, இரு பக்கமும் ஐஸ் குச்சியோ மூங்கில் சிம்போ வைத்து, துணி நாடாவால் சுற்றி, மேலும் கீழும் முட்டோடு கட்டுங்கள். முழுக்க முறிந்துவிட்டால் முறிவுக்குக் கீழே உள்ள பக்கக் கிளையைப் புதுத் தண்டாக ஏற்றுங்கள். முறிந்த நுனியின் பூக்களைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் வைத்தால் பத்து நாளில் வேர் விடும். அது தனிச் செடி.

தளத்தில் துளை போட்டுக் கம்பத்தைப் பொருத்தலாமா?

கூடாது. தட்டோடும் நீர்க்காப்புப் பூச்சும் ஓரிடத்தில் உடைந்தாலும் மழைநீர் அந்த வழியே கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். பக்கத்தில் மின்கம்பி போகும் மாடியில் நீளமான ஜிஐ குழாயை நிமிர்த்தும்போது இரண்டு பேர் சேர்ந்து, கம்பி போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று தூக்குங்கள்.

வீட்டில் வெட்டிய முருங்கை, கிளுவைக் குச்சிகளை ஊன்றலாமா?

பச்சையாக ஊன்றினால் துளிர்த்து வேர் விடும். பைக்குள் தக்காளியோடு தண்ணீருக்கும் உரத்துக்கும் போட்டி போடும். நன்றாகக் காய்ந்த பிறகும் முருங்கை மரம் பஞ்சு போலத்தான், காய்ச் சுமை தாங்காது. வேப்பங்கிளை நேராகக் கிடைத்தால் காயவைத்துப் பயன்படுத்தலாம்.

பருவம் முடிந்ததும் முட்டுகளை என்ன செய்வது?

பழைய நாடா, நார், கயிற்றுத் துண்டு எதையும் விட்டுவைக்காதீர்கள். மூங்கிலையும் குழாயையும் தேய்த்துக் கழுவி, துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, கால் மணி நேரம் கழித்து நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பாக்டீரியா வாடலில் செத்த செடியின் மூங்கிலை மட்டும் எடுத்து வைக்காமல் எரித்துவிடுங்கள். மீதியைத் தரையில் போடாமல் மாடிப்படிக்குக் கீழே கிடைமட்டமாகக் கொக்கியில் மாட்டிவைத்தால் வளையாது. அடி நான்கு அங்குலம் மட்டும் இற்றிருந்தால் அதை அறுத்துவிட்டு, அடுத்த பருவத்தில் அர்கா ரக்ஷக் போன்ற நடுத்தர உயர ரகத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.